பாலோட முழுங்கின மாத்திரை

இதை எழுதலாமா வேண்டாமான்னு மூணு மாசமா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. அம்மா இப்ப நல்லா இருக்காங்க, காலையில வழக்கம்போல இங்க சிங்கப்பூர்ல எங்க அடுக்குமாடி புளோக் கீழ, வாய்ட் டெக்னு சொல்ற திறந்த தளத்துல உக்காந்து பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவோட பாதி மலாய் பாதி தமிழ்னு பேசிக்கிட்டிருக்காங்க, அப்புறம் எதுக்கு பழசைக் கிளறணும்னு விட்டுடலாம்னு பார்த்தேன். முடியல. ராத்திரி படுத்தா அந்த நீல கலர் மாத்திரைப் பெட்டி கண்ணு முன்னாடி வந்து நிக்குது. ஏழு நாளைக்கு ஏழு வரிசை, காலை மத்தியானம் ராத்திரின்னு வரிசைக்கு மூணு கட்டம். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான்தான் நிரப்புவேன், அந்த வாரமும் நான்தான் நிரப்பினேன். சிப்ரோஃப்ளோக்ஸசின்ங்கிற ஆன்டிபயாட்டிக், கால்சியம், இரும்புச்சத்து, துத்தநாகம் எல்லாத்தையும் ஒரே கட்டத்துல என் கையால போட்டு டப்புன்னு மூடினேன். பெட்டி அழகா நிரம்பினதைப் பார்த்து ஒரு திருப்தி வேற.

அம்மாவுக்கு 68 வயசு. போன தீபாவளிக்கு முந்தின வாரம் நீர்க்கடுப்பு, கூடவே லேசா காய்ச்சல், இடுப்புக்கு மேல ஒரு பக்கமா வலி. சனிக்கிழமை காலையில யீஷூன்ல எங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் சிறுநீர் எடுத்து, என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும்னு பார்க்கிற கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினாரு, சிப்ரோ 500 மில்லிகிராம் காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, ஏழு நாள். கவுன்டர்ல இருந்த பொண்ணு மாத்திரையை பிளாஸ்டிக் பையில போட்டுக் கொடுத்து "ஃபினிஷ் பண்ணிடுங்க ஆன்ட்டி, பாதியில நிறுத்தாதீங்க"ன்னு சொல்லிச்சு. பை மேல இங்கிலீஷ்ல ரெண்டு மூணு வரி இருந்துச்சு, நான் வேளையை மட்டும் பார்த்தேன். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். அவங்களுக்கு அந்த வரியெல்லாம் கோடுதான்.

நம்ம வீடுகள்ல ஆன்டிபயாட்டிக்னாலே சூடு. வாய்ப்புண் வரும், வயிறு எரியும், மூத்திரம் மஞ்சளா போகும், எல்லாத்துக்கும் அந்த ஒரே வார்த்தைதான். சூட்டுக்கு மருந்து பாலு, மோரு, தயிரு. எங்க பாட்டி காலத்துல இருந்து அப்படித்தான், காய்ச்சல் மாத்திரையை யாராவது வெறும் தண்ணியில முழுங்கினா "வயித்தைப் பொத்துக்கும்டி"ன்னு ஒரு டம்ளர் பாலை நீட்டிடுவாங்க. அம்மாவும் அதே வழி. அதுவும் இங்க வயசானவங்க குடிக்கிறது சாதா பால் இல்ல, எலும்புக்குன்னு ஹை கால்சியம் பால்பவுடர் டின்னு. அதுல ரெண்டு கரண்டி கூடுதலா போட்டு கெட்டியா கலக்கி அந்தப் பாலோடதான் சிப்ரோவை முழுங்கினாங்க. சாயங்காலம் வயிறு ஒரு மாதிரி இருக்குன்னு நெஞ்செரிச்சலுக்கு சப்புற வெள்ளை மாத்திரை ரெண்டு. ராத்திரி தயிர்சாதம், அதுக்கு மேல ரெண்டாவது சிப்ரோ.

அது மட்டும்னா கூட பரவாயில்ல. அம்மாவோட கோயில் குரூப்ல யாரோ ஒரு மெசேஜ் போட்டிருந்தாங்க, ஆன்டிபயாட்டிக் உடம்புல இருக்கிற சத்தையெல்லாம் உறிஞ்சிடும், அதனால மருந்து சாப்பிடுற நாள்ல கால்சியம் இரும்பு துத்தநாகம் எல்லாம் ரெண்டு மடங்கு எடுத்துக்கணும்னு. கீழ கைகூப்புற பொம்மை பத்து. அம்மா அதை எனக்கு அனுப்பினாங்க. நானும் படிச்சேன், சரியாத்தான் பட்டுச்சு. வேலை முடிஞ்சு வர்ற வழியில கடையில துத்தநாக மாத்திரை ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்தேன்.

வாயில என்னென்ன போட்டீங்க

செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு அம்மா என்னை எழுப்பினாங்க. பல்லு கிட்டிக்கிற மாதிரி நடுக்கம், ரெண்டு போர்வை போத்தியும் நிக்கல, தெர்மாமீட்டர்ல 39.6. அவசரப் பிரிவுக்கு ஓடினோம். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிடுச்சுன்னாங்க. வார்டுல சேர்த்து ட்ரிப் வழியா வேற ஆன்டிபயாட்டிக் ஏத்தினாங்க, மறுநாள் சாயங்காலத்துக்குள்ள காய்ச்சல் இறங்கிடுச்சு. நான் நினைச்சேன், சரி, கிருமி அந்த மாத்திரைக்கு அடங்காத கிருமி போலிருக்கு, இப்பத்தான் எங்க பார்த்தாலும் ரெசிஸ்டன்ஸ் ரெசிஸ்டன்ஸ்னு பேசுறாங்களேன்னு. ஆனா வார்டு டாக்டர் கிளினிக்குக்கு போன் போட்டு கல்ச்சர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தா, ஈகோலை கிருமி, சிப்ரோவுக்கு நல்லாவே கேக்கும்னு இருக்கு. கிருமியும் சரி, மருந்தும் சரி, வேளை தவறாம சாப்பிட்டிருக்காங்க, அப்புறம் எப்படி?

அந்த டாக்டர் கேட்டாரு, வேற மருந்து எதாவது சாப்பிடுறாங்களான்னு. அம்மா இல்லன்னாங்க. நானும் பிரஷர் மாத்திரை ஒண்ணு மட்டும்தான்னேன். ரெண்டு பேரும் பொய் சொல்லல, எங்க மனசுல அவ்வளவுதான் மருந்து.

அன்னைக்கு மத்தியானம் வார்டுக்கு ஒரு மருந்தாளுநர் வந்தாங்க, சீனப் பொண்ணு, முப்பது வயசு இருக்கும், கூடவே மொழிபெயர்க்க ஒரு தமிழ்த் தாதி. இந்த ரெண்டு பேரை நான் மறக்கவே மாட்டேன். மறுபடியும் அதே கேள்வி, மறுபடியும் அம்மா அதே பதில். வேற யாரா இருந்தாலும் ஃபாரத்துல டிக் பண்ணிட்டுப் போயிருப்பாங்க. அந்தப் பொண்ணு பேனாவை மூடி பாக்கெட்ல வச்சுட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து தாதிகிட்ட ஏதோ சொன்னாங்க, தாதி சிரிச்சுக்கிட்டே அம்மாவைப் பார்த்து, "ஆன்ட்டி, மருந்தை விடுங்க. காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் வாயில என்னென்ன போட்டீங்க, ஒண்ணுவிடாம சொல்லுங்க"ன்னு கேட்டாங்க.

அம்மாவுக்குக் கதை சொல்லப் பிடிக்கும். வெறும் வயித்துல வெந்தயத் தண்ணியில ஆரம்பிச்சாங்க. பால், ரெண்டு கரண்டி கூடுதலா. கூடவே அந்த டாக்டர் மாத்திரை. கால்சியம், அது எலும்புக்கு. இரும்புச்சத்து, அது ரத்தத்துக்கு. துத்தநாகம், அது மக வாங்கிக் கொடுத்தது. வெள்ளையா சப்புற மாத்திரை, அது மருந்தில்ல, மிட்டாய் மாதிரி இனிக்கும். தயிர்சாதம். தாதி சொல்லச் சொல்ல அந்த மருந்தாளுநர் எழுதிக்கிட்டே வந்தாங்க, கால்சியம்னு சொன்னதும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாங்க, இரும்புன்னதும் இன்னொரு தடவை. அப்புறம் என்னைப் பார்த்து மெதுவா இங்கிலீஷ்ல கேட்டாங்க, எல்லாம் ஒரே நேரத்துலயான்னு. எனக்கு அந்த நீல பெட்டி ஞாபகம் வந்துச்சு. ஆமான்னு சொல்றதுக்குள்ள தொண்டை அடைச்சுக்கிச்சு.

நண்டு

அவங்க விளக்கினதை என் வார்த்தையில சொல்றேன். சிப்ரோ மாதிரி மருந்துகளோட மூலக்கூறுல ரெண்டு ஆக்சிஜன் அணு பக்கத்து பக்கத்துல, கொடுக்கு மாதிரி விரிஞ்சு நிக்கும். கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், இரும்பு, துத்தநாகம் இதெல்லாம் உலோகம், வயித்துல கரைஞ்சா மின்னேற்றத்தோட இருக்கும். அது பக்கத்துல வந்தா கொடுக்கு லபக்குன்னு கவ்விக்கும். இதுக்கு கிலேட்டுன்னு பேரு, அந்தப் பேரே கிரேக்க மொழியில நண்டுக் கொடுக்கைக் குறிக்கிற சொல்லுல இருந்துதான் வந்ததாம். எனக்கு இதைக் கேட்டதும் சின்ன வயசுல ஊருக்குப் போனப்ப வயல் வரப்புல பார்த்த நண்டுதான் ஞாபகம் வந்துச்சு. கொடுக்குல எதையாவது பெருசா கவ்விக்கிட்டிருந்தா அதால வளைக்குள்ள நுழைய முடியாது, வாசல்லயே முட்டிக்கிட்டு நிக்கும். மாத்திரையும் அப்படித்தான். உலோகத்தைக் கவ்விக்கிட்டதும் குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குப் போக முடியாது, அப்படியே மலத்தோட வெளிய போயிடும். நாம வேளை தவறாம முழுங்கிட்டோம்னு நினைச்சுக்கிட்டிருப்போம், கிருமிக்கு மருந்து வந்த சேதியே தெரியாது. ட்ரிப்ல ஏத்தினப்ப உடனே கேட்டதுக்கும் இதுவே காரணமா இருக்கலாம், குடலைத் தாண்டுற வேலையே அதுக்கு இல்லையே.

எவ்வளவு குறையும்னா, வெறும் பாலோ தயிரோ சேர்ந்தாலே சிப்ரோ சுமார் மூணுல ஒரு பங்கு ரத்தத்துக்குப் போகாம நின்னுடுது. இரும்பு மாத்திரை சேர்ந்தா பாதிக்கு மேல போயிடும். அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த அந்த நெஞ்செரிச்சல் மாத்திரைதான் எல்லாத்துலயும் மோசம், 80 சதவீதத்துக்கும் மேல காலி பண்ணிடும். எங்க அம்மா நாலு வகையையும் போட்டு, மேல பாலும் ஊத்தியிருக்காங்க. இதனாலதான் காய்ச்சல் ஏறுச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னும் அந்தப் பொண்ணு நேர்மையா சொன்னாங்க, சில பேருக்கு சரியா சாப்பிட்டாலும் கிருமி ஏறும். எனக்கு அந்த ஆறுதல் தேவைப்பட்டுச்சு, ஆனா நான் அதை முழுசா எடுத்துக்கல.

வீட்டுக்கு வந்தப்புறம் மீதி நாளுக்கு மறுபடி சிப்ரோதான் கொடுத்தாங்க, இந்த முறை கணக்கோட. கால்சியம் இரும்பு வகையறா சாப்பிடுறதுக்கு 2 மணி நேரம் முன்னாடி சிப்ரோ போடணும், இல்லன்னா சாப்பிட்டு 6 மணி நேரம் கழிச்சுப் போடணும். காலையில 8, ராத்திரி 8 மாத்திரைன்னா, கால்சியத்துக்குக் கிடைக்கிற நேரம் காலையில 10 மணியில இருந்து மத்தியானம் 2 மணி வரைக்கும் மட்டும்தான். அந்த நாலு மணி நேரம்தான் கதவு திறந்திருக்கும். நான் அந்த நேரத்துல வேலையில இருப்பேன், அம்மா மறந்து போய் மூணு மணிக்குப் போட்டுட்டா கணக்கு தப்பிடும். மருந்தாளுநர்கிட்ட கேட்டேன், அவங்க டாக்டர்கிட்ட பேசிட்டு வந்து சொன்னாங்க, சத்து மாத்திரை எல்லாத்தையும் மருந்து முடியுற வரைக்கும் நிறுத்திடுங்க, ஒரு வாரம் கால்சியம் போடலன்னா எலும்பு ஒண்ணும் கரைஞ்சு போயிடாதுன்னு. எவ்வளவு சுலபமான பதில். அம்மாவுக்குத்தான் அது ஏத்துக்க முடியல, "சத்தை நிறுத்தச் சொல்ற டாக்டர் எங்கயாவது உண்டா"ன்னு ரெண்டு நாள் முனகிக்கிட்டே இருந்தாங்க.

எல்லா ஆன்டிபயாட்டிக்குக்கும் இந்தக் கதை கிடையாது, அதையும் சொல்லிடணும், இல்லன்னா நானும் அந்த கைகூப்புற பொம்மை மெசேஜ் மாதிரி ஆயிடுவேன். அமாக்சிசிலினுக்குப் பால் ஒண்ணும் பண்ணாது. சிப்ரோ, லீவோஃப்ளோக்ஸசின் குடும்பம், டெட்ராசைக்ளின் குடும்பம், இந்த ரெண்டும்தான் முக்கியமா மாட்டுறது. முகப்பருவுக்குக் கொடுக்கிற டாக்சிசைக்ளின் அந்த ரெண்டாவது குடும்பம்தான், அதுக்குப் பாலால பாதிப்பு கம்மி, ஆனா இரும்பு விடாது. ரத்தத்துக்குப் போன டாக்சிசைக்ளின் பித்தத்தோட கலந்து திரும்பக் குடலுக்கு வரும், அங்க இரும்பு இருந்தா அதையும் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடும். என் அக்கா பொண்ணு பருவுக்கு அதையும், மாசாமாசம் ரத்தம் அதிகமா போகுதுன்னு இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கிட்டிருந்தா. அவளுக்கு முதல் போன் நான்தான் போட்டேன்.

எல்லாரும் கேக்குற கேள்வி

அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப பார்க்க வந்தவங்ககிட்ட நான் இந்தக் கதையைச் சொல்லச் சொல்ல, ஆம்பளைங்க எல்லாரும் திரும்பக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "அப்ப தண்ணி அடிச்சா?" மாத்திரைன்னா குடிக்கக்கூடாதுன்னு மட்டும் எல்லாருக்கும் தெரியுது, பால் குடிக்கலாமான்னு ஒருத்தரும் கேக்கல. குடி தப்பான விஷயம், அதனால அது மருந்தைக் கெடுக்கும்னு நம்புறது சுலபம். பால் நல்ல விஷயம், சத்து நல்ல விஷயம், அது எப்படிக் கெடுக்கும்? வயித்துக்குள்ள போனப்புறம் நல்லது கெட்டது எல்லாம் கிடையாது, எது எதைக் கவ்வுதுங்கிறதுதான் கணக்கு.

குடி விஷயத்துலயும் நம்ம ஆளுங்க பாதியைத்தான் தெரிஞ்சு வச்சிருக்காங்க. என் சித்தப்பா பையன் துவாஸ் பக்கம் ஒரு கம்பெனியில வேலை பார்க்கிறான். பல்லுல சீழ் வச்சு டாக்டர் அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் அஞ்சு நாளைக்குக் கொடுத்து, குடிக்காதப்பான்னு சொல்லி அனுப்பியிருக்காரு. சனிக்கிழமை கூட்டாளிக்குப் பிறந்தநாள். இவன் என்ன பண்ணான், டாக்டர் பேச்சை மதிக்கிறேன்னு வெள்ளிக்கிழமை ராத்திரியோட ரெண்டு மாத்திரையையும் நிறுத்திட்டு சனிக்கிழமை குடிச்சுட்டான். திங்கக்கிழமை தாடை வீங்கி ஒரு பக்கக் கண்ணு மூடிடுச்சு. மருந்து மேல இருந்த பயத்துலயே மருந்தை விட்டுட்டான், இதைத்தான் நான் எவ்வளவு யோசிச்சும் ஆறவே மாட்டேங்குது. அமாக்சிசிலினுக்கும் சாராயத்துக்கும் நேரடியா சண்டை கிடையாது, குடிச்சா உடம்பு தேற நாளாகும், வயிறு கெடும், அவ்வளவுதான். குடிச்சே தீருவேன்னு ஒருத்தன் நின்னா கூட அந்த மாத்திரையை நிறுத்தக் காரணமே இல்ல. மெட்ரோனிடசோல் வேற கதை. அதோட குடிச்சா முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி பிச்சுக்கும்னு எச்சரிக்கை இருக்கு. இது உண்மையிலயே நடக்குதான்னு இப்ப ஆராய்ச்சிக்காரங்களே சந்தேகப்படுறாங்க, 2002ல ஃபின்லாந்துல ஆரோக்கியமான ஆம்பளைங்களுக்கு மெட்ரோனிடசோலும் மதுவும் கொடுத்துப் பார்த்தப்ப அப்படி எதுவும் வரல, அமெரிக்காவோட நோய்த்தடுப்பு மையம் 2021ல போட்ட பால்வினை நோய் வழிகாட்டியில மெட்ரோனிடசோலுக்காகக் குடியை நிறுத்த வேண்டிய தேவையில்லன்னே எழுதியிருக்கு. ஆனாலும் மருந்தோட அட்டையில எச்சரிக்கை இன்னும் அப்படியேதான் இருக்கு, மருந்து முடிஞ்சு ரெண்டு மூணு நாள் வரைக்கும் தொடாதீங்கன்னு. என்கிட்ட கேட்டா அட்டையில இருக்கிறதைக் கேளுங்கன்னுதான் சொல்வேன். ஒரு விருந்தைத் தள்ளிப் போடலாம், வீங்கின தாடையைத் தள்ளிப் போட முடியாது.

குடிக்கவே குடிக்காதவங்களும் இதுல கவனிக்கணும். அரிஷ்டம்னு நாம வாங்குறோமே, தசமூலாரிஷ்டம் மாதிரி, அது புளிக்க வச்சு செய்யுறது, அதுக்குள்ளயே மது தானா ஊறியிருக்கும். சில இருமல் சிரப்புலயும் இருக்கு. குழந்தை பெத்த பொண்ணுக்குப் பத்தியம்னு பிராந்தி கொடுக்கிற பழக்கம் எங்க குடும்பத்துலயே உண்டு, ஆபரேஷன் பண்ணிப் பெத்தவ ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக்கிட்டிருப்பாளேன்னு யாரும் யோசிக்கிறதில்ல.

சத்து உண்மையிலயே குறையும்போது

கோயில் குரூப்ல வந்த அந்த மெசேஜ் முழுப் பொய்யின்னும் சொல்ல முடியாது, அதுதான் அதோட ஆபத்து. எங்க அப்பாவுக்கு இருபது வருஷத்துக்கு முன்னாடி காசநோய் வந்துச்சு. ஆறு மாசம், தினமும் பாலிகிளினிக்னு சொல்ற அரசு மருத்துவ நிலையத்துக்குப் போய் தாதி கண்ணு முன்னாடி முழுங்கிட்டு வரணும். பெரிய பெரிய மாத்திரைகளுக்கு நடுவுல குட்டியா ஒரு மாத்திரை இருக்கும், அப்பா அதை "பொடிசு"ன்னு சொல்வாரு. அது பி6 வைட்டமின்னு இப்பதான் எனக்குப் புரியுது. ஐசோனியாசிட்ங்கிற காசநோய் மருந்து பி6ஐப் பிடிச்சுக்கிட்டு சிறுநீர்ல வெளிய போயிடும், பாதம் மரத்து எரிய ஆரம்பிக்கும். குடிக்கிறவங்க, சர்க்கரை உள்ளவங்க, சத்துக் குறைவா உள்ளவங்களுக்கு அது சீக்கிரம் வரும், அதனால டாக்டரே முன்கூட்டிக் கொடுத்துடுறாரு. அந்த ஆறு மாசம் அப்பா பியர் பாட்டிலைத் தொடல, அந்த மருந்தோட மதுவும் சேர்ந்தா ஈரல் போயிடும்னு தாதி ஒரு தடவை சொன்னதோட சரி. சத்து உண்மையாவே குறையும்னா எந்தச் சத்து, எவ்வளவு, எத்தனை நாள்னு அவங்களுக்குத் தெரியும், அது மருந்துச் சீட்டுலயே வரும். ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் இப்படி ஒண்ணு உண்டு. குடல்ல இருக்கிற நல்ல கிருமிங்க வைட்டமின் கே தயாரிக்குது, ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லும், சில ஆன்டிபயாட்டிக் வார்ஃபரினையே உடம்புல தேங்க வச்சிடும், ரத்தம் ரொம்ப நீர்த்துப் போகும், அதனால அவங்களுக்கு ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்வாங்க. ஆனா ஏழு நாள் சிப்ரோவுக்கு கால்சியமும் இரும்பும் ரெண்டு மடங்குன்னு எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டாரு.

இன்னொண்ணு. ஆன்டிபயாட்டிக் இங்க டாக்டர் சீட்டு இல்லாம கிடைக்காது. சத்து மாத்திரை அப்படியில்ல, சிங்கப்பூர்ல அதை விக்கிறதுக்கு முன்னாடி, மருந்துகளைக் கட்டுப்படுத்துற அரசு அமைப்பான எச்எஸ்ஏகிட்ட அனுமதி வாங்க வேண்டிய அவசியமே கிடையாது, பாதுகாப்பு விக்கிறவங்க பொறுப்பு. இது எத்தனை பேருக்குத் தெரியும்? நான் துத்தநாகம் வாங்கினப்ப கடையில ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல, நானும் கேக்கல, தள்ளுபடியில ஒண்ணு வாங்கினா இன்னொண்ணு பாதி விலைன்னு வேற போட்டிருந்தாங்க. நான் ரெண்டு பாட்டில் வாங்கினேன். ரெண்டாவது பாட்டில் இன்னும் சீல் உடைக்காம அலமாரியில இருக்கு.

இப்ப பெட்டியில ஒரு மாத்தம். மத்தியானக் கட்டத்து மூடி மேல எல்லாம் பச்சை டேப் ஒட்டி தமிழ்ல "சத்து"ன்னு எழுதியிருக்கேன், டாக்டர் எழுதித் தர்ற எதுவும் அந்தக் கட்டத்துக்குள்ள போகாது. அம்மா டாக்டர்கிட்ட போகும்போது எல்லா பாட்டிலையும் ஒரு துணிப்பையில அள்ளிப் போட்டுக்கிட்டுப் போறாங்க, போன வாரம் பாலிகிளினிக்ல வெந்தயத்தைக் கூட எடுத்துக் காட்டியிருக்காங்க.

போன வெள்ளிக்கிழமை அவங்க கோயில் குரூப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க, நாலு நிமிஷம். அந்த மெசேஜ் போட்டவங்க மனசு நோகக்கூடாதுன்னு முதல் ஒரு நிமிஷம் அவங்க பேரக்குழந்தை நலம் விசாரிச்சுட்டு, அப்புறம் பால், கால்சியம், நண்டு எல்லாம் சொன்னாங்க. அரை மணி நேரத்துல எனக்கு ஆபீசுக்குப் போன். "ஏம்மா, சரோஜாக்கா கேக்குறாங்க, மோருக்கும் இதேதானா?"

"ஆமாம்மா, தயிர் மோர் எல்லாம் அதேதான். மாத்திரையோட சேர்த்து வேண்டாம், ரெண்டு மணி நேரமாவது போகட்டும்."

"அப்ப சூட்டுக்கு மாத்திரையோட என்னதான் குடிக்கிறது?"

"தண்ணி குடிக்கச் சொல்லுங்கம்மா. ஒரு பெரிய டம்ளர்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "வெறும் தண்ணியா"ன்னாங்க, அப்புறம் சரி, நான் சொல்லிடுறேன்னு போனை வச்சுட்டாங்க.